குடிலில் ஒரு குழவிக்கல்

டிசம்பர் 16, செவ்வாய்

நான் கிறிஸ்மஸ் குடிலில் கல்லை வைத்துக் கும்பிடுகிறேன் என்று எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் அன்பியத்தில் பேசிக்கொள்கிறார்களாம். இது தவறு. குடிலில் கல் இருப்பது உண்மை. அதை யாரும் கும்பிடவில்லை. பேசுகிறவர்கள் எதையும் எழுதி வைப்பதில்லை என்பதால் நான் எழுதி வைக்கிறேன்.

என் மருமகள் செண்பகவல்லிக்கு எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. ஒன்று நான்காம் மாதத்திலேயே போயிற்று. மற்றது பெண் குழந்தை, ஏழாம் மாதத்தில் பிறந்து அரைமணி நேரம் இருந்தது. இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, கட்டிலை விட்டு எழக்கூடாது, பயணம் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதனால் தாய் வீட்டுக்குப் போக வேண்டியவள் தூத்துக்குடியில் என் வீட்டிலேயே படுத்திருக்கிறாள். மகள் போக முடியாததால் தாய் வந்துவிட்டார். சம்பந்தி ஆவுடையம்மாள், சங்கரன்கோவிலுக்குப் பக்கம். என் மகன் ரெமிஜியூஸ் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஜனவரி கடைசி வரை கரையிறங்க முடியாது.

குடிலை வழக்கம்போலத் திருவருகைக் கால முதல் ஞாயிறன்று, நவம்பர் கடைசியில், ஹாலில் வைத்தேன். சுரூபங்கள் என் கணவர் வீட்டுச் சொத்து. கான்வென்டில் கற்ற முறைப்படி தீவனத் தொட்டி இருபத்துநான்காம் தேதி இரவு வரை காலியாக இருக்க வேண்டும். பாலன் சுரூபம் பஞ்சில் சுற்றி அலமாரியில் இருக்கும். மூன்று இராஜாக்களும் உள்ளறையில் தையல் மிஷின் மேலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நகர்ந்து, ஜனவரியில் வந்து சேர்வார்கள். நாம் ஆசையை அடக்கிச் செய்யும் ஒவ்வொரு ஒறுத்தலுக்கும் தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம். ஏழு வயதில் தொடங்கியது. இப்போது எழுபத்தெட்டு.

குடில் வைத்த மறுநாளே சம்பந்தி கேட்டார்.

"மதினி, தொட்டில் வெறுசா கெடக்கே."

"அது தொட்டில் இல்ல மதினி. மாடு திங்கிற தொட்டி."

"புள்ளயப் போடுத எடந்தான? வெறுசா வைக்கப்படாது."

மறுநாள் காலை ஜெபத்துக்கு வந்தால், தொட்டியில் என் சின்ன அம்மியின் குழவி படுத்திருந்தது. துண்டுத் துணியில் சுற்றி, நெற்றி என்று அவர் நினைத்த இடத்தில் மஞ்சளும் குங்குமமும். அவர்கள் பக்கத்தில் பிள்ளையைத் தொட்டிலில் இடுமுன் முதலில் குழவியை இடுவார்களாம். வெறும் தொட்டில் பிள்ளைக்கு ஆகாதாம். நான் அதை எடுத்து அடுக்களையில் வைத்தேன். மத்தியானம் மறுபடி தொட்டியில் இருந்தது. இப்படி இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் நேரே கேட்டுவிட்டேன்.

"மதினி, இது எங்க சாமிக்கு மரியாதை இல்ல. கல்ல எடுங்க."

"உங்க சாமிக்காவ வைக்கல மதினி. எம் மவ ராவும் பகலும் இந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு எதப் பாத்துக்கிட்டு இருக்கா, சொல்லுங்க."

செண்பகாவின் கட்டில் குளியலறைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஹாலில் போட்டிருக்கிறது. நேர் எதிரே குடில். அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அன்றிலிருந்து நான் கல்லை எடுக்கவில்லை. குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டேன்.

போன ஞாயிறு கேரல் பவனி வந்தது. அன்பியத் தலைவி டெலிஷியா பாட்டுப் புத்தகத்தோடு குடிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, என்னது இது? கல்லா?"

சம்பந்தி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, "நான்தான் வச்சேன்" என்றேன்.

"எதுக்கு ஆன்ட்டி?"

"கடல் காத்து. தொட்டி பறந்துரக் கூடாதுல்ல."

கிறிஸ்மஸ் தாத்தா வேடம் போட்டவர் சிரித்ததில் தாடி இறங்கிவிட்டது. டெலிஷியா சிரிக்கவில்லை. அதன் பலன்தான் இந்தப் பேச்சு. நான் சொன்னது பொய். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்வேன். அது குருவானவரிடம் சொல்ல வேண்டியது, டெலிஷியாவிடம் அல்ல.

டிசம்பர் 17, புதன்

திரைச்சீலைகள் துவைத்தாயிற்று. கேக்குக்கு முந்திரி நறுக்கியாயிற்று. சம்பந்தி நறுக்கியது ஒன்றும் ஒரே அளவில் இல்லை. மறுபடி நறுக்கினேன். முதுகு வலி. சம்பந்தியிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். வைக்கோல் இல்லை.

டிசம்பர் 19, வெள்ளி

கிறிஸ்மஸ் நவநாள் ஜெபம் தொடங்கி நான்காம் நாள். கிறிஸ்து பிறப்பின் பகுதியை வழக்கம்போல வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். வாசித்து முடித்ததும், அரிசி தீர்ந்துவிட்டது என்ற நினைப்புத்தான் வந்தது.

இது இந்த வருடம் வந்த குறை அல்ல. என் கணவர் இஞ்ஞாசியார் இருந்தபோதும் அப்படித்தான். கிறிஸ்மஸ் பாதிராப் பூசையில் பாலனைத் தொட்டியில் கிடத்தும்போது அவர் கண் கலங்கும். நான் பீடத் துணியில் இஸ்திரி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கான்வென்டில் சிஸ்டர் பெர்த்தில்டா சொல்வார், ஆராதனை உணர்ச்சியில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது என்று. நான் ஒழுங்கை விட்டதில்லை. ஆனால் இடையர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் வியந்தார்கள் என்ற இடம் வரும்போதெல்லாம் அந்த வரியை வேகமாகக் கடந்துவிடுவேன்.

இன்று மத்தியானம் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து, கதையைச் சொல்லுங்கள் மதினி என்றார். சொன்னேன். அவர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன்.

"நெறமாசக்காரிய எதுக்கு ஊர் விட்டு ஊர் கூட்டிட்டுப் போனாவ?"

"ஜனக்கணக்கு எடுத்தாங்க. சொந்த ஊர்ல போய்ப் பேர் குடுக்கணும்."

"நல்ல கவருமெண்டு. மருத்துவச்சி யாரு?"

"எழுதலை."

"கூட ஒரு பொம்பளயுமா இல்ல?"

"எழுதலை மதினி."

"வெந்நி?"

"ஒண்ணும் எழுதலைன்னா விடுங்களேன்."

"அப்ப ஒரு ஆம்பளய மட்டும் வச்சுக்கிட்டு, மாட்டுக் கொட்டில்ல, தலப்பிரசவம்." அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "புள்ள பொழச்சிட்டே மதினி."

கட்டிலிலிருந்து செண்பகா, "யம்மா, போதும்" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழுபது வருடமாக வாசித்தும், அந்தப் பிள்ளை பிழைக்காமல் போயிருக்கலாம் என்று எனக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை. பிழைக்கும் என்று தெரிந்தே வாசித்திருக்கிறேன்.

அரிசிக்குச் சொல்லியாயிற்று.

டிசம்பர் 21, ஞாயிறு

கேக் ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. இராஜாக்கள் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டார்கள். சம்பந்தி அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறார். "ஒட்டகத்துக்கு" என்றார். செண்பகா சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. டம்ளரை எடுக்கவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

காலையில் இரத்தம். ஆஸ்பத்திரி. எழுத முடியவில்லை.

டிசம்பர் 24, புதன்

ஆண் குழந்தை. நேற்று மத்தியானம் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். ஒரு கிலோ அறுநூறு. அழவில்லை. கண்ணாடிப் பெட்டியில், மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். செண்பகாவுக்கு இரத்தம் ஏற்றி, இப்போது பரவாயில்லை. குழந்தையைப் பற்றி இரண்டு மூன்று நாள் ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர். சம்பந்தி ஆஸ்பத்திரி வாசலில் முந்தானையைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுப்பி, காப்பி வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் குடித்தார்.

குளிக்க வீட்டுக்கு வந்தபோது, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் கண் மருந்துப் புட்டி ஒன்றைக் கழுவி அதில் நிரப்பிக்கொண்டேன். கைப்பையில் இருக்கிறது.

எனக்குத் திருச்சபைச் சட்டம் தெரியும். சாகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். இப்போது திருமுழுக்கு என்கிறார்கள். நெற்றியில் தண்ணீர் ஓட வேண்டும். வார்த்தைகள் பிசகக் கூடாது. சிஸ்டர் பெர்த்தில்டா துணிப் பொம்மையை வைத்து எங்களுக்குப் பரீட்சை நடத்தினார். முழு மதிப்பெண் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

போன தடவை நான் பஸ்ஸை விட்டிறங்கி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்து துணி சுற்றியிருந்தார்கள். அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் ரெமி பேசினான். கப்பலிலிருந்து குரல் விட்டுவிட்டு வந்தது.

"அம்மா, அவள்ட்ட கேக்காம எதுவும் செஞ்சிராதீங்க."

"எதைச் சொல்ற?"

"உங்களுக்குத் தெரியும்."

தெரியும். ஆனால் கல்யாணத்தன்று பிள்ளைகளைத் திருச்சபையில் வளர்ப்பேன் என்று கையெழுத்துப் போட்டவன் அவன்தான். அரைமயக்கத்தில் படுத்திருப்பவளிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

பாதிராப் பூசைக்குப் போகவில்லை. நினைவு தெரிந்து இதுவே முதல் முறை. வீட்டுக் குடிலில் பாலனைக் கிடத்தவும் இல்லை.

இன்று காலை பதினொரு மணிக்கு, பாட்டி ஒருத்தர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம், ஐந்து நிமிடம் என்றார் நர்ஸ். சம்பந்தி என்னைப் பார்த்தார். "நீங்க போங்க மதினி. இன்னைக்கி உங்க பண்டிகைலா" என்றார். அவர் விட்டுக்கொடுத்ததை நான் மறுக்கவில்லை. அது எதற்காக என்று எனக்குத்தான் தெரியும்.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். பச்சை அங்கி. கைப்பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். புட்டியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன்.

நான்கு பெட்டிகள். மூன்றாவது நம்முடையது.

நான் கண்டதை எழுத முயல்கிறேன். குல்லாய் கண் வரை இறங்கியிருந்தது. மூக்கில் குழாய். மார்புக் கூடு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்து வெளியே வந்தது. மூச்சு விடுவது இவ்வளவு பெரிய வேலை என்று நான் நினைத்ததில்லை. தோல், உரித்த வெங்காயத்தின் உள்தோல் போல, நரம்பு தெரிய. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாதாம், அதற்காகத்தான் பெட்டி. பாதம் என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். அதிலும் நகம் வைத்திருந்தது.

பெட்டியில் கை நுழைக்க வட்டமாக ஒரு கதவு உண்டு. நர்ஸ் திறந்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். இதுதான் வேளை.

அப்போது அவனுக்கு விக்கல் வந்தது. அத்தனை குழாய்க்கும் நடுவே, சாப்பாட்டுக்குப் பின் பெரிய மனிதர்களுக்கு வருமே, அதே விக்கல். முழு உடம்பும் எழும்பி அமர்ந்தது. மறுபடி. மறுபடி. அவன் முகத்தில் ஒரு எரிச்சல் வந்து போனது.

கடவுள் இந்த அளவுக்கு இறங்கி வந்தார் என்றா இத்தனை வருடம் வாசித்துக்கொண்டிருந்தேன்? கழுத்து நிற்காமல், சூடு தாங்காமல், விக்கலை நிறுத்தத் தெரியாமல். வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவர் ஒரு பெண்ணின் கைச்சூட்டை நம்பிக் கிடந்தார் என்றா? யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. இல்லை, சொன்னார்கள். தினமும் நானே வாசித்தேன்.

முழங்கால் போட டாக்டர் எனக்குத் தடை விதித்து நான்கு வருடம் ஆகிறது. நின்றபடியே பெட்டியில் நெற்றியைச் சாய்த்தேன். எந்த ஜெபமும் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பாட்டி, அதுல சாயாதீங்க. டைம் ஆயிட்டு" என்றார் நர்ஸ்.

வெளியே வந்து அங்கியைக் கழற்றும்போதுதான் இடது கை மூடியே இருப்பதைப் பார்த்தேன். புட்டி உள்ளே இருந்தது. தண்ணீர் என் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

டிசம்பர் 26, வெள்ளி

குழந்தை அப்படியே இருக்கிறான். இன்று சம்பந்தியின் முறை. வெளியே வந்தவர் முகம் வீங்கியிருந்தது, ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை.

"மதினி, உங்க வீட்டுக்காரரு காது அப்படியே இருக்கு."

"அவரை நீங்க பாத்ததே இல்லையே."

"ஹால்ல படம் மாட்டியிருக்கிய. கதவத் தொறந்து போட்ட மாதிரி ரெண்டு காது. கண்டுபிடிக்கவா முடியாது?"

இஞ்ஞாசியாரின் காதைப் பற்றி இப்படிப் பேச இதுவரை யாருக்கும் துணிவு வந்ததில்லை. நானும் சிரித்துவிட்டேன். பிறகு இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நேற்று உள்ளே என்ன செய்யப் போனேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

நான் மறந்தேனா, வேண்டாமென்று விட்டேனா? மறந்தேன் என்றால் எனக்கு வயதாகிவிட்டது. விட்டேன் என்றால் எனக்குத் தெரிந்த சட்டத்தை மீறினேன். இரண்டில் எது என்று தெரியவில்லை.

டிசம்பர் 27, சனி

செண்பகா சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது புட்டி மடியில் விழுந்தது.

"கண்ணுக்கு மருந்தா அத்தை?"

பொய் ஒன்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. இன்னொன்று வேண்டாமென்று உள்ளதைச் சொன்னேன். எதற்காக நிரப்பினேன், என்ன செய்ய உள்ளே போனேன், என்ன செய்யாமல் வந்தேன் என்று எல்லாம். அவள் பாதி வாரிய தலையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தண்ணிய எப்ப ஊத்துவாங்க அத்தை? பொழைக்கிற புள்ளைக்கா, போற புள்ளைக்கா?"

"பொழைக்கிற பிள்ளைக்குக் கோவில்ல, எல்லாரையும் கூப்பிட்டு. இப்படி அவசரமா ஊத்துறது..."

"அப்ப வேண்டாம். அவன் போயிருவான்னு நெனச்சு அவன்கிட்ட யாரும் போகக் கூடாது. நீங்களும்தான், எங்கம்மாவும்தான்." ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பி, "நான் கையில வாங்குன பொறவு கேளுங்க. அப்ப என்ன சொல்வேன்னு இப்பத் தெரியாது" என்றாள்.

மீதித் தலையையும் வாரிப் பின்னிவிட்டேன்.

டிசம்பர் 29, திங்கள்

காலையில் மூச்சு மெஷின் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். நான்கு மணிக்கு மறுபடி வைத்துவிட்டார்கள். சம்பந்தி சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. வீட்டில் கெட்டுப்போன பாலைக் கொட்டினேன்.

டிசம்பர் 31, புதன்

குழாயைத் திரும்ப எடுத்துவிட்டு மூக்கில் சின்ன மாஸ்க் மட்டும் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஆபத்து நீங்கவில்லை என்றே சொல்கிறார்கள். தாய்ப்பால் இரண்டு மில்லி குழாய் வழியாகப் போனது. கக்கவில்லை.

டெலிஷியா பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கிளம்பும்போது என் காதருகே, "நல்ல காரியம் செஞ்சீங்க ஆன்ட்டி. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். நான் குழந்தைக்கு இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டேன் என்று இப்போது பேச்சாம். கல்லுக்குப் பரிகாரமாகச் செய்தேன் என்று நினைக்கிறார்கள் போலும்.

சாயங்காலம் பங்குத்தந்தை பெனிஸ்டன் போனில் கூப்பிட்டார். நல்ல பையன். என் மகனைவிட இளையவர்.

"மிஸஸ் மஸ்கரேன், அவசரத் திருமுழுக்குக் கொடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன். ரெஜிஸ்டர்ல பதியணும். பேரு, தேதி சொல்லுங்க."

பக்கத்தில் சம்பந்தி இருந்தார். "எழுதி அனுப்புறேன், ஃபாதர்" என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

பங்குத்தந்தைக்கு எழுதிய கடிதத்தின் நகல்.

வணக்கத்துக்குரிய தந்தைக்கு,

உங்கள் ரெஜிஸ்டரில் எதையும் பதிய வேண்டாம். நான் என் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கொடுக்கும் எண்ணத்தோடு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குழந்தை ஆபத்தில் இருந்தான். எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. தண்ணீர் கையில் இருந்தது, வார்த்தைகளும் தெரியும். ஐந்து நிமிடமும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு இரண்டு முறை உள்ளே போயிருக்கிறேன். புட்டியைக் கொண்டுபோகவில்லை. அவன் சாவான் என்று எண்ணிக்கொண்டு யாரும் அவனருகே போகக் கூடாது என்று அவன் தாய் கேட்டிருக்கிறாள். நான் அதற்குக் கீழ்ப்படிகிறேன். அவனைக் கோவிலுக்குக் கொண்டுவர அவள் சம்மதிப்பாளா என்று தெரியாது. அவள் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்டு நெருக்கவில்லை.

இன்று அவன் எடை இருபது கிராம் கூடியிருக்கிறது. ஆயினும் பிழைத்துவிடுவான் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. இரவில் அவன் ஞானஸ்நானம் இல்லாமல் போய்விட்டால் அதற்கு நான் பொறுப்பாளி என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுபது வருடங்களாக நான் கிறிஸ்மஸ் பூசை கண்டிருக்கிறேன். ஆராதித்தேன் என்று சொல்லத்தக்கதாக எனக்கு நேர்ந்தது அந்த ஐந்து நிமிடம் மட்டுமே. அப்போது நான் பார்த்தது பெட்டியில் கிடந்த பிள்ளையையா, பெத்லகேமில் கிடந்த பிள்ளையையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கை எழவில்லை என்று நினைக்கிறேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை.

நான் செய்தது பாவமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஆறுதல் வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் என் வயதை நினைத்து இரக்கமாகப் பேசுவீர்கள். நாளை மாலை ஐந்து மணிக்கு மறுபடி என் முறை. அதற்கு முன்பாக உங்கள் பதிலை எழுத்தில் அனுப்பவும்.

இப்படிக்கு,
கொர்னேலியா மஸ்கரேன்